கடலூரில் மகளுக்கு வீடு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் போச்சம்பள்ளி பக்கத்தில் மா, தென்னை வைத்திருக்கும் விவசாயி. ஒரே மகள். அரசு வேலை கிடைத்து மூன்று வருடமாகக் கடலூரில் மருமகனோடும் மூன்று வயதுப் பேரனோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். இப்போது அங்கேயே சொந்தமாக வாங்க நினைக்கிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை போகும் பக்கம் ஒரு தனி வீடும், திருப்பாதிரிப்புலியூரில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட்டும் பார்த்து வைத்திருக்கிறார்கள். தனி வீடு விலை குறைவு, மனையும் சேர்ந்து வருகிறது. என் மனைவிக்கோ ஐப்பசி பிறந்தாலே தூக்கம் போய்விடும். கடலோரத்தில் பணத்தைப் போடாதே என்கிறாள். டிவியில் புயல் என்று சொன்னதும் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வா என்கிறாள். 2024-இல் அப்படித்தான் கிளம்பி, ஊத்தங்கரையைத் தாண்ட முடியாமல் திரும்பினேன். ஹூஸ்டனில் இருக்கிற என் தம்பி மகன், 'இங்கெல்லாம் புயல் என்றால் ஊரையே காலி செய்வார்கள் பெரியப்பா' என்கிறான். கடலூரில் வீடு வாங்கலாமா? புயல் வந்தால் மகளைக் கூட்டி வருவதா, அங்கேயே இருக்கச் சொல்வதா?

பதில்:

வணக்கம் ஐயா. நீங்கள் ஊத்தங்கரையில் வண்டியைத் திருப்பினீர்களே, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. கடலோரத்தில் இருக்கிற மகளைப் புயலிலிருந்து காப்பாற்றப் புறப்பட்ட உங்களை, கடலிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரின் வெள்ளம் மறித்தது. அன்றைக்கு மகள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அதனால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் கட்டடப் பொறியாளர். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பதினோரு வருடம் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். 'தானே' புயல் அடித்த இரவில் கடலூரில்தான் இருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த கையோடு போயிருந்தால் சரி. மறுநாள் பல மணி நேரம் அங்கேயே நகராமல் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் மெல்ல மேற்கே ஊர்ந்து, புயல் என்ற பெயரையே இழந்து, வெறும் தாழ்வு மண்டலமாக இறங்கிய பிறகுதான் நம் பக்கம் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

50 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு தண்ணீர்? உங்கள் தோப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். 50 சென்டிமீட்டருக்கு ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் அளந்தால் 160 லாரிக்கு மேல், ஒவ்வொரு ஏக்கரிலும், ஒரே நாளில். நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. டிவியில் 'புயல் வலுவிழந்தது' என்று ஓடும். உங்கள் வீட்டு அம்மா 'அப்பாடா' என்று பெருமூச்சு விடுவார். வலுவிழந்தது காற்று மட்டும்தான். மழைக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமில்லை. புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று பெயர் ஏறுவதும் இறங்குவதும் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். எத்தனை சென்டிமீட்டர் கொட்டும் என்பது அந்தப் பெயரில் இல்லை. அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கடந்தது. ஆனால் சென்னைக்கு அருகே கடலில் நின்று நிதானித்துப் போனதில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தன.

ஆகவே, வீடு பார்க்கும்போது காற்றுக்கு ஒரு கண், தண்ணீருக்கு இரண்டு கண்.

நீங்கள் சொல்கிற தனி வீடு பெண்ணையாற்றுப் பக்கம் இருக்கிறது. நாம் தென்பெண்ணை என்கிற அதே ஆறுதான். கே.ஆர்.பி. அணையிலிருந்து நெடுங்கல்லுக்கு வந்து, அங்கே பிரிகிற தண்ணீர்தான் உங்கள் பக்கத்துப் பாரூர் ஏரியை நிரப்புகிறது. மீதி சாத்தனூர் அணைக்குப் போய், திருக்கோவிலூர் தாண்டி, கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் கடலில் சேர்கிறது. ஊத்தங்கரையில் கொட்டியதும் பாம்பாறு வழியாக இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. அரூர்ப் பக்கத்துத் தண்ணீரும் அப்படித்தான். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அடுத்த நாளுக்குள் குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா பக்கமெல்லாம் வெள்ளம். அப்போது கடலூரில் புயல் முடிந்து, மழையும் ஓய்ந்துகொண்டிருந்தது. நம் மாவட்டத்து மழை அங்கே போய் வீட்டுக்குள் நுழைந்தது, அவ்வளவுதான்.

தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு அங்கே போனால், மணலில் கடை போட்டுக் கரும்பு விற்பார்கள், பிள்ளைகள் ராட்டினம் சுற்றும். இந்த ஆறா வீட்டுக்குள் வரும் என்று தோன்றும். வீட்டு புரோக்கர்கள் வாடிக்கையாளரைக் கூட்டிப் போவதும் பெரும்பாலும் தை, மாசியில்தான். இது என் சந்தேகம் மட்டுமே, புரோக்கர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அதற்காக ஆல்பேட்டைப் பக்கமே கூடாது என்று சொல்லமாட்டேன். அதே சாலையில் ஒரு தெருவில் முட்டளவு தண்ணீர் நிற்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். ஊர்ப் பெயரைக் கேட்டு முடிவு செய்தால் தவறும். தெருவைப் படிக்கத் தெரிய வேண்டும். எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

வீட்டைப் பார்க்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளின் இ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். வழக்கமாகக் கண் மட்டத்தில் இருக்கும். ஒரு தெருவில் நாலைந்து வீட்டில் மீட்டர் தலைக்கு மேலே ஏறியிருந்தால், பெட்டிக்குக் கீழே பழைய ஆணி ஓட்டைகள் அடைத்த தடம் தெரிந்தால், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. சம்ப் மோட்டாரைச் சுவரில் ஸ்டாண்டு அடித்து மேலே தூக்கி வைத்திருந்தாலும் அதேதான். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு மட்டும் ஏழெட்டுப் படி இருந்து, பழைய வீடுகள் ரோட்டு மட்டத்துக்கே இருந்தால், புதிதாகக் கட்டினவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சுற்றுச்சுவரின் உள்பக்கம் பாருங்கள். வெளிப்பக்கத்தை விற்பதற்காக வெள்ளையடித்திருப்பார்கள். உள்பக்கம், செடிக்குப் பின்னால், நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை இருக்கும். வெள்ளம் நின்ற மட்டம் அது.

அப்புறம் ஆட்களைக் கேளுங்கள். விற்கிறவரையும் புரோக்கரையும் விட்டுவிடுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், டீக்கடைக்காரர், பால் ஊற்றுகிறவர். 'இங்கே தண்ணீர் வருமா' என்று கேட்டால் 'வராது சார்' என்பார்கள், தெருவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். '2015-இலும் 2024-இலும் எதுவரைக்கும் வந்தது' என்று கேளுங்கள். கையைத் தொடையில் வைத்தோ இடுப்பில் வைத்தோ காட்டிவிடுவார்கள். 2015 நவம்பர் மழை கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அந்த வருடம் அங்கே இருந்த எவருக்கும் அந்த மட்டம் மறந்திருக்காது.

மூன்றாவது, ரோடு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இருபது வருடத்து வீடு பள்ளத்தில் இறங்கிவிடும். வாசற்படியிலிருந்து ரோட்டின் நடு முதுகுவரை மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும், இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வீட்டுத் தரை ரோட்டைவிட இரண்டடியாவது மேலே இல்லை என்றால், அந்தப் பகுதியில் நான் வாங்கமாட்டேன். விலை குறைவாக இருப்பதற்கு அந்த இரண்டடிதான் காரணமாக இருக்கும்.

சரி, பிளாட்டுக்கு வருவோம். இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வராது. ஆனால் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கமும் கெடிலம் ஓடுகிறது. கீழே பார்க்கிங், சம்ப், மோட்டார், லிப்ட், மின் பலகை எல்லாம் தரையில்தானே? பார்க்கிங்கில் நாலடி தண்ணீர் நின்றால் மேலே இருப்பவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மின் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கழிவுநீர் கலந்த வெள்ளம் சம்ப்புக்குள் இறங்காதபடி சம்ப் வாய் தரையைவிட உயர்த்திக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளாட்டில் காற்றுதான் முக்கியம். காற்று விஷயத்தில் கடலோரமும் நம் ஊரும் ஒன்றில்லை. இந்தியத் தரக் கட்டுமான விதியில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் உண்டு. பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், சென்னைக் கடற்கரைக்கு 50 மீட்டர். ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கக் கூடாது. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் இரண்டே கால் மடங்குக்கு மேல் வரும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மொட்டை மாடியில் தகரக் கூரை போடுகிறார்களே, அதே கம்பி, அதே போல்ட்டில் கடலூரில் போட்டால் முதல் பெரும்புயலில் அது பக்கத்துத் தெருவில் போய் விழும். அந்த பிளாட்டின் மொட்டை மாடியில் துணி காயப் போடத் தகர ஷெட் போட்டிருந்தால், எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்று மேலே ஏறிப் பாருங்கள். சித்திரையில் சூறைக்காற்று அடித்து உங்கள் தோப்பில் பிஞ்சு உதிர்வது அரை மணி நேரக் கூத்து. புயல் காற்று ஏழெட்டு மணி நேரம் விடாமல் ஆட்டும். ஒரே அடியில் தகரம் பிடுங்கிக்கொள்ளாது. ஆட்டி ஆட்டி போல்ட் ஓட்டையைப் பெரிதாக்கி, அப்புறம்தான் தூக்கும்.

தானே அடித்தது 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தேன். இரவெல்லாம் வடக்குப் பக்க ஜன்னலில்தான் அடி. கண்ணாடிக் கதவு உள்பக்கமாக வயிறு தள்ளியது போல வளைந்து வளைந்து மீண்டது. கட்டிலைத் தூக்கி நிறுத்தி முட்டுக் கொடுத்தேன். விடிகிற நேரத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. அதுவரை சத்தமே இல்லாமல் இருந்த சமையலறை ஜன்னல் ஒரே அடியில் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. இரவில் பத்திரமான அறை என்று நான் நினைத்து, குழந்தைகளைப் படுக்க வைக்க இருந்த இடம் அது. படிப்பு பொறியியல், புத்தி அன்றைக்குத்தான் வந்தது. புயல் சுழலும், காற்றின் திசை மாறும் என்பது பாடத்தில் படித்ததுதான். மையப்பகுதியே நம் தலைக்கு மேல் போனால் நடுவில் காற்று சுத்தமாக நின்றுவிடும். முடிந்தது என்று வெளியே வருவார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்: காற்று நின்றதும் வெளியே வரக் கூடாது, வானிலை மையம் கடந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் வர வேண்டும்.

அந்த இரவு இன்னொன்றும் பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் இரண்டு பிளாஸ்டிக் டேங்க். ஒன்றில் தண்ணீர் நிறைய, மற்றது காலி. காலி டேங்க் மெல்ல ஒரு பக்கம் தூக்கி, கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. நிறைந்த டேங்க் அசையவில்லை. கரண்டு போனால் மோட்டார் ஓடாது, ஆகவே புயலுக்கு முதல் நாள் டேங்கை நிரப்பி வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. குடிக்கவும் ஆச்சு, டேங்கைப் பிடித்து வைக்கவும் ஆச்சு. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர பன்னிரண்டு நாள் ஆனது. கடைசி நாட்களில் அந்த எதிர் வீட்டு டேங்க் தண்ணீரைத்தான் எங்களுக்கும் இறைத்துக் கொடுத்தார்கள்.

மா வைத்திருப்பவர் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. பொழுது விடிந்து பண்ருட்டிப் பக்கம் போனபோது, நாற்பது ஐம்பது வருடத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரிக் காடுகள் படுத்திருந்தன. ஒரு பெரியவர் தன் மரத்தடியில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், விழுந்த மரத்தில் இருந்த பிஞ்சைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கடலோரத்தில் வீடு இழந்தவரைவிட மரம் இழந்தவருக்கு மீள அதிக காலம் ஆனது.

கட்டடத்தில் இன்னொரு சமாசாரம், உப்பு. கடல் காற்று வருடம் முழுக்க வேலை செய்யும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே இருக்கிற காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பிளாட்டின் பால்கனி அடிப்பக்கத்தையும் மாடிப்படி அடிப்பக்கத்தையும் பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அல்லது கம்பி ஓடும் வாட்டத்திலேயே நீளமாக விரிசல் ஓடினால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். பூசி மறைத்திருந்தால் சாவியால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாக இருந்தால் சத்தம் மாறும். தேங்காய் தட்டிப் பார்ப்பவர் நீங்கள், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டில் எது என்று கேட்டால், பிளாட் பக்கம்தான் சாய்வேன். தனி வீட்டின் தெருவும் தரை மட்டமும் நான் சொன்னபடி தேறினால் தனி வீடு. தேறவில்லை என்றால், மனை சேர்ந்து வருகிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

இனி, கூட்டி வருவதா வேண்டாமா. உங்கள் தம்பி மகன் சொல்வது பாதி உண்மை. அமெரிக்காவில் கடலோரத்தை மண்டலமாகப் பிரித்து, கடல் நீர் ஏறக்கூடிய தாழ்வான மண்டலங்களைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள். ஊர் முழுக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஊரே சாட்சி. 2005 செப்டம்பரில் 'ரீட்டா' வந்தபோது, மூன்று வாரம் முன்பு கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பயத்தில், ஹூஸ்டன் பகுதியிலிருந்து 20 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் காரை எடுத்தார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் கார்கள் நகரவில்லை. நல்ல வெயில். பெட்ரோல் தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஒரு பஸ் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயல் கொன்றவர்களைவிடக் கிளம்பிப் போன பயணம் கொன்றவர்கள் அதிகம்.

உங்கள் வழியை யோசித்துப் பாருங்கள். கடலூரிலிருந்து போச்சம்பள்ளிக்கு நேர் வழி திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை. புயல் கரையைக் கடந்து உள்ளே நகர்ந்தால் அதுவும் பெரும்பாலும் அதே திசையில்தான் வருகிறது. நீங்களும் புயலும் ஒரே ரோட்டில் போகிறீர்கள். 2024-இல் அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மறித்துவிட்டது. கடலூரில் இரண்டாவது மாடியில் இருக்கிற குழந்தையை எடுத்து, ராத்திரியில் தரைப்பாலங்கள் வழியாகக் கூட்டி வருவது பாதுகாப்பா? கார் சக்கரம் பாதி முழுகுகிற ஓட்டத் தண்ணீரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் போதும்.

ஆகவே நான் சொல்லும் கணக்கு இது. பேரனைக் கூட்டி வர வேண்டுமானால், புயல் கரையைத் தொடும் என்று சொல்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்பே, வானம் வெளுத்திருக்கும்போது, பகலில் கூட்டி வந்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரும் கிளம்பக் கூடாது, நீங்களும் இங்கிருந்து கிளம்பக் கூடாது. மகள் இருப்பது தரைத்தள வீடு, ஆற்றோரம் அல்லது கடலோரம் என்றால், வருவாய்த் துறையினர் வந்து முகாமுக்குப் போகச் சொன்னதும் போய்விட வேண்டும். நகை இருக்கிறது, மாடு இருக்கிறது என்று வாதாடக் கூடாது. கான்கிரீட் கட்டடத்தின் மாடி என்றால் அங்கேயே இருப்பதுதான் நல்லது.

அம்மாவுக்கு ஒரு விளக்கம். டிவியில் 'ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார் அல்லவா? அது துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குக் காட்டுவது. ஒன்றும் இரண்டும் என்றால் புயலோ, புயலாக மாறக்கூடிய ஒன்றோ தூரத்துக் கடலில் இருக்கிறது. மூன்றும் நாலும் என்றால் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பெரிய ஆபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஒன்றாம் எண்ணுக்குப் பயப்பட வேண்டாம். மகளுக்கு போன் போட்டு மருந்து, பால் பவுடர் வாங்கச் சொன்னால் போதும். மூன்று ஏறினால் நீங்கள் இருவரும் முடிவெடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற வரைபடங்களைப் பார்க்காதீர்கள். புயல் உருவான பிறகு வானிலை மையமே மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை தருகிறது. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

மகள் வீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நீளமாக எழுதமாட்டேன், அவருக்கே தெரிந்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும், பலர் கோட்டை விடுவது. கையில் நோட்டாகப் பணம், 10, 20, 50 ரூபாய்த் தாளாக. கரண்டும் டவரும் போனால் ஜிபேயும் ஏ.டி.எம்மும் போகும், மளிகைக் கடைக்காரரிடம் 500 ரூபாய்க்குச் சில்லறை இருக்காது. மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் போதும். காற்றில் திரை படபடக்கும் வீட்டில் மூன்று வயதுக் குழந்தையையும் மெழுகுவத்தியையும் சேர்த்து வைக்கக் கூடாது. தரைத்தளமாக இருந்தால் கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை ஓட்டையிலும் மணல் மூட்டை வைத்து அடைக்க வேண்டும். வெள்ளம் வாசல் வழியாக வருமுன் அது வழியாகத்தான் பொங்கி வரும். முழுகி நின்ற காரையோ ஸ்கூட்டரையோ சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியில் முழுதாகப் போய்விடும், இன்சூரன்ஸும் தகராறு செய்யும்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கும்போது 'லோன் இன்சூரன்ஸ்' என்று ஒன்று எடுக்கச் சொல்வார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவர் உயிருக்கானது. அதை வீட்டுக்கானது என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். வீட்டுக்கென்று 'பாரத் கிருக ரக்ஷா' என்று 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் உண்டு, வீட்டுச் சாமான்களுக்கும் ஓர் அளவு வரை சேர்ந்தே வரும். வங்கி கேட்கிறதோ இல்லையோ, சாவி கையில் வந்த வாரமே அதை எடுக்கச் சொல்லுங்கள்.

தனி வீட்டை மறுபடி பார்க்கப் போகும்போது, நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை டியூப் லெவலோடு கூட்டிக்கொள்ளுங்கள், அரை நாள் கூலி கொடுத்தால் வருவார். வாசற்படி, ரோட்டு முதுகு, இ.பி. மீட்டர் பெட்டி, சுற்றுச்சுவரின் உள்பக்கம், நாலையும் போட்டோ எடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.